சலித்த மரத்தூள்

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரு ஸ்கூட்டர். எழுபதுகளின் நடுவில் ஸ்கூட்டர் என்பது கையில் பணம் இருந்தாலும் உடனே கிடைக்கிற சாமான் இல்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கோ ஒன்றரை மாதம்தான் இருந்தது. அப்பா இல்லாத வீடு. எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடியவன் அண்ணன்தான். விருதுநகரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் சாயங்காலம் அவன் ஒரு பழைய காரில் வந்து வாசலில் இறங்கினான். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கறுப்பு நிறம், வெளியே துருத்திய இரண்டு விளக்குகள், ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படி. யாரோ மில்லுக்காரர் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்ததாம். அப்படிப்பட்ட சீமைக் கார் அன்றைக்குப் புது ஸ்கூட்டரை விட மலிவு என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஸ்கூட்டர் கேட்டவருக்குக் காரே கொடுக்கிறான் என்று ஊர் பேசியது. அம்மா அழுதாள். நானும் அண்ணன் காலில் விழுந்து கும்பிட்டேன்.

என் கணவர் நெய்வேலியில் மைன்ஸ் ஆட்டோ ஷாப்பில் சார்ஜ்மேன், மெக்கானிக்குகளுக்கு மேலாள். லாரி, ஜீப், டம்பர் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். தாலி கட்டிய மறுநாள் காலையில் அண்ணன் சாவியை அவரிடம் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“கியர்பாக்ஸ், பின்னாடி டிஃபரன்ஷியல், ரெண்டுக்கும் எண்ணெ புதுசா மாத்தியிருக்கு மாப்ள. ஒரு வருசத்துக்கு நட்டையே தொட வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு நெய்வேலி வந்தோம். வழி முழுக்க அவர் பேசியது வண்டியைப் பற்றித்தான். “சத்தம் கேக்குதா பாரு. முப்பது வருஷத்து வண்டி. பின்னாடி ஒரு முனகல் கூட இல்ல” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னமோ நானே அந்த வண்டியைச் செய்துகொண்டு வந்த மாதிரி.

எங்கள் பிளாக்கில் அன்றைக்குச் சைக்கிள்கள்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் கார் நின்றதும் நான் ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்தவளாகிவிட்டேன். “கார் வீட்டம்மா” என்றுதான் பால்காரர் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருவதிகைக் கோயிலுக்குப் போவோம். திரும்பும்போது பண்ருட்டியில் பலாச்சுளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவோம். அவர் முகம் சிரித்தபடி இருந்ததை நான் பார்த்த காலம் அதுதான். எட்டு மாதம் இருக்கும்.

பிறகு பின்பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. முதலில் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. சாப்பிடும்போது கையை நிறுத்தி யோசிப்பார். “வேகம் எடுக்கும்போது இழுக்குது. காலைத் தூக்குனா ஊளை விடுது” என்பார். இரண்டு வாரத்தில் பின் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கும் கேட்டது. யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவது போன்ற சத்தம்.

“ஒரு வருஷம் தொட வேணாம்னு அண்ணன் சொன்னாங்களே” என்றேன்.

“உங்கண்ணன் லாரி ஷெட்டு. நான் சார்ஜ்மேன்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்றுவது என்று முடிவானது. எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய மண்டியோடு சேர்ந்து இறங்கும் என்று, காலையிலேயே முத்தாண்டிக்குப்பம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினோம். பின்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே கட்டைகளை அடுக்கி, ஒரு சாக்கை விரித்து அவர் வண்டிக்கு அடியில் போனார். பிளாக்கில் வேலை இல்லாத ஆண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் பவர் ஹவுஸில் வேலை பார்ப்பவர். ஸ்டூல் போட்டே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கியர்பாக்ஸ். நட்டைக் கழற்றியதும் கறுப்பாக, பாகு மாதிரி எண்ணெய் தட்டில் இறங்கியது. அவர் விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். “பித்தளைத் தூள் மினுக்குது பாருங்க. இந்த வயசுக்கு இவ்வளவு இருக்கத்தான் செய்யும். பெட்டி நல்லா இருக்கு” என்று கூட்டத்துக்குப் பாடம் நடத்தினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. காபி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது எல்லோரும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் குடம் மாதிரி தொங்குகிற இரும்புக் கூடுதான் டிஃபரன்ஷியல். அதன் அடி நட்டைக் கழற்றிவிட்டார். ஒரு சொட்டு விழவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. எண்ணெயாக இல்லை, கேழ்வரகுக் களி மாதிரி இருந்தது. அவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே வந்து எழுந்து நின்றார்.

“இந்தா, இங்க வா. கையை நீட்டு.”

காபி டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். அந்தக் களியை என் உள்ளங்கையில் அப்பினார். வெதுவெதுப்பாக இருந்தது. அழுகிய பூண்டு மாதிரி நாற்றம்.

“என்னங்க இது?”

“உங்கண்ணன் குடுத்த சீரு. மரத்தூள்” என்றார்.

எதிர் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “சார்ஜ்மேன் வண்டியிலேயேவா சார்?” என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். என் கணவர் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு விளக்கினார். உள்ளே பல்சக்கரத்தின் பல் தேய்ந்து ஊளை போடுகிற வண்டிக்கு, விற்கிறவன் மரத்தூளை எண்ணெயில் குழைத்து அடைத்துவிடுவான். சத்தம் அடங்கிப்போகும். கொஞ்ச நாளில் தூள் எண்ணெயைக் குடித்துவிடும். பேரிங்கும் பல்லும் காய்ந்து ஒன்றையொன்று தின்னும். பிறகு வைத்தியமே கிடையாது. இவ்வளவையும் அவர் சத்தம் போடாமல் சொன்னார். நான் கையை மூடவும் முடியாமல் உதறவும் முடியாமல் நின்றேன்.

அன்றைக்கு முழுக்கச் சீயக்காயும் மண்ணெண்ணெயும் போட்டுக் கழுவியும் அந்த நாற்றம் என் கையை விட்டுப் போகவில்லை.

டிஃபரன்ஷியலை அவர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, நூற்று நாற்பதாம் நம்பர் கெட்டி எண்ணெயைப் புதிதாக ஊற்றிப் பார்த்தார். தூள் போனதும் உண்மைச் சத்தம் வெளியே வந்துவிட்டது. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். மெட்ராஸில் பழைய சாமான் கடைகளில் இரண்டு தடவை அலைந்தார். அந்த வண்டிக்கு அந்தப் பல்சக்கரம் எங்குமே இல்லை. வண்டி வாசலில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் மரத்தூள் என்று பேர். குழம்பில் உப்பு கூடினால், “மரத்தூள் வீட்டுச் சமையல்.” ஊரிலிருந்து கடிதம் வந்தால், “மரத்தூள்காரன் என்ன எழுதியிருக்கான்?” எனக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், “உங்க வீட்டுப் பொருள் எதுவும் நிலைக்காது” என்றார். அடித்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றிய வார்த்தை அது. அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. ஷாப்பில் அவரைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டு பங்கு பேச்சு கிடைக்கும்.

உடம்பு தேறியதும் விருதுநகர் போனேன். அண்ணனை வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருக்காது, எவனோ புரோக்கர் அவனையும் ஏமாற்றியிருப்பான் என்றுதான் கடைசி வரைக்கும் நம்பியிருந்தேன்.

அவன் மறைக்கவில்லை. “தெரியும் தாயி” என்றான்.

“தெரிஞ்சா குடுத்த?”

“வேற என்ன செய்யச் சொல்ற? ஸ்கூட்டர் இல்லைன்னா கல்யாணம் இல்லைன்னாக. ஷெட்டுல இருந்த பயலுகதான் தூளப் போட்டு அடக்கிக் குடுத்தாய்ங்க. ஆறு மாசம் ஓடுனாப் போதும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ அங்க நெலச்சிருவ. அவரும் மெக்கானிக்கு, சரி பண்ணிக்கிருவாரு.”

ஆறு மாதம். எனக்கு அவன் போட்ட கணக்கு அது. ஒரு வண்டி சத்தம் போடாமல் இருக்கிற காலத்துக்குள் தங்கச்சி வயிற்றில் ஒரு பிள்ளை வந்துவிடும், பிறகு யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அவன் அதைப் பாசத்தோடுதான் செய்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன். அம்மா சாகும் வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வண்டி மூன்று வருஷம் போல எங்கள் வாசலில் நின்றது. டயர்கள் காற்றிறங்கி மண்ணில் அமுங்கின. மேலே பழுப்பு நிலக்கரித் தூசி படியும். பிள்ளைகள் அதில் விரலால் எழுதிவிட்டுப் போவார்கள். காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அது. ராத்திரி கதவைச் சாத்தும்போது கடைசியாகக் கண்ணில் படுவதும் அதுதான். அது வாசலில் நிற்கும் வரைக்கும் என் பேர் மாறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டோ ஷாப்பில் காண்ட்ராக்டில் சாமான் கழுவுகிற வேலைக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். பக்கத்து வடக்குத்துக் கிராமத்துக்காரர். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. பெர்மனென்ட் ஆகலாம் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார். மேலே கேட்கும்போது யாரைச் சிபாரிசு செய்வது என்பதில் என் கணவரின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அதனால் எங்கள் வீட்டுக்குப் பண்டிகை நாட்களில் முந்திரியோ பலாப்பழமோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“சார், இத்த எனக்குக் குடுப்பீங்களா? வேல இல்லாத நேரத்துல சவாரி ஓட்டிக்கினு இருப்பேன். கல்யாணம், கோயிலுன்னு எங்க பக்கம் கூப்புடறாங்க. வண்டிதான் கெடையாது.”

என் கணவர் வண்டியைப் பார்த்தார். “பார்க்கலாம்” என்றார்.

இரண்டு நாள் கழித்து, என் கணவர் ஒரு சாக்குப் பையோடு வந்தார். தச்சுப் பட்டறையிலிருந்து அள்ளி வந்த தூள். சமையலறை வாசலில் வைத்தார்.

“இதைச் சலிச்சு வை. சிம்பு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. மாவாட்டம் இருக்கணும்.”

எனக்கு விளங்கிவிட்டது. “வேணாங்க. அவங்க பாவம். உள்ளதைச் சொல்லி விலையைக் குறைச்சுக் குடுத்துருங்க” என்றேன்.

“உங்கண்ணன் எனக்கு உள்ளதைச் சொன்னானா?”

“அதுக்கு இவங்க என்ன செஞ்சாங்க?”

“நான் மட்டும் என்ன செஞ்சேன்?” என்றார். அப்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த ஒரு வார்த்தையில் நான் இளகிவிட்டேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வாசல் காலியாகும் என்பதற்காகத்தான் சலித்தேன். வண்டி போனால் அந்தப் பேரும் போகும் என்று சலித்தேன். கோதுமை மாவு சலிக்கிற சல்லடையில், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முற்றத்தில் உட்கார்ந்து சலித்தபோது மூக்கில் தூள் ஏறித் தும்மினேன். பிறகு சல்லடையைக் கழுவிக் காயவைத்து அதிலேயே மறுநாள் மாவு சலித்தேன்.

அவர் இரண்டு நாள் வண்டிக்கு அடியில் கிடந்தார். டயர்களைச் சரிசெய்தார். பாட்டரி வாங்கிப் போட்டார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது சத்தமே இல்லை. கல்யாணமாகி வந்த நாள் மாதிரியே இருந்தது.

வண்டியை எடுக்க அந்த மனிதர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வெளியே என் கணவர், “எண்ணெய் நானே மாத்தியிருக்கேன். ஒரு வருஷத்துக்கு நட்டைத் தொடாத” என்று சொல்லிக்கொண்டிருந்தது சமையலறைக்குக் கேட்டது. அந்தப் பெண் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க. வண்டி நல்லாருக்குதுங்களா?”

அடுப்பில் பால் பொங்கி வந்தது. இறக்கினேன். “எங்கண்ணன் எனக்குச் சீரா குடுத்த வண்டி” என்றேன்.

“அப்படிங்களா” என்று அவள் முகம் மலர்ந்தது. “உங்களுக்கு வுட்டுட மனசே வராது, இல்லீங்க?”

அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

வண்டி இரண்டு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருநாள் பார்த்தேன். மாலை கட்டி, பெண் மாப்பிள்ளையை உட்காரவைத்து, அந்த மனிதர் பெருமையாக ஓட்டிக்கொண்டு போனார். என்னைக் கண்டதும் ஹாரன் அடித்தார்.

பிறகு ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். என் கணவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். வாசலில் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பால்பவுடர் டப்பா. உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. டப்பாவைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார்.

“முத்தாண்டிக்குப்பத்தாண்ட நின்னுபோச்சுங்க. மூணு வூட்டுச் சனம் வண்டியில. எறங்கி நடந்து போனாங்க.”

நான் டப்பாவைக் குனிந்து பார்க்கவில்லை. நாற்றமே போதுமாக இருந்தது.

“சார் ஷிப்டு முடிஞ்சு வருவார். அவர்கிட்டப் பேசுங்க” என்றேன்.

“அவருகிட்ட என்னாத்தப் பேசறதுங்க? அவரு ஒரு வார்த்த நல்லதாச் சொல்லுவாருன்னு எத்தினி வருசமா நின்னுக்கினு இருக்கேன். இதக் கேட்டா, அந்த வார்த்தையும் வராதுங்க. பணத்தக் கேக்க வரலைங்க.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

அவர் டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்துத் தேய்த்தார். நாளெல்லாம் எண்ணெய் படிந்த சாமான்களைக் கழுவுகிற விரல்கள்.

“பட்டறைத் தூளுன்னா சிம்பு சிம்பா இருக்கும். இது மாவாட்டம் இருக்குது. ஆம்பள யாரும் இவ்ளோ பொறுமையா சலிக்க மாட்டாங்க” என்றார். “அன்னைக்கு எங்கூட்டுல உங்களத்தான் கேட்டா. சாரக் கேக்கலீங்க.”

அவ்வளவுதான். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “அவனுக்கு இப்பத் தெரிஞ்சிருக்கும், எனக்கு எப்படி இருந்திருக்கும்னு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

ஷாப்பில் அந்த மனிதர் என் கணவருக்குத் தினமும் வணக்கம் வைத்தார் என்று கேள்விப்பட்டேன். பலாப்பழம் மட்டும் வரவில்லை. சிபாரிசும் போகவில்லை. வண்டியை அவர் தூள் அடைத்து இன்னொருவர் தலையில் கட்டியிருக்கலாம். எப்படிச் செய்வது என்று இப்போது அவருக்கும் தெரியும். செய்யவில்லை. பண்ருட்டியில் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாராம். எண்பதுகளின் கடைசியில் வேறு ஒரு செக்‌ஷனில், வேறு யாரோ சொல்லி, அவர் பெர்மனென்ட் ஆனார்.

எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்தது. வண்டி போன நாளிலிருந்து என் கணவர் என்னை மரத்தூள் என்று கூப்பிடவில்லை. ஒருதடவை கூட இல்லை. என் அண்ணன் வீட்டைப் பற்றிய பேச்சையும் விட்டுவிட்டார். பிறகு ஒரு பையன் பிறந்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் நல்ல தம்பதிதான். கூட்டாகச் செய்த ஒரு காரியம் எங்களுக்குள் இருந்தது. அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்ல இரண்டு பேருக்குமே வாய் இல்லை. அதைச் சமாதானம் என்று நினைத்து வாழ்ந்துவிட்டேன்.

சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தால் காய் வாங்காமலே வேறு வரிசைக்குப் போய்விடுவேன். இப்படியே பல வருஷம். பையன் பள்ளிக்கூடம் போன ஒருநாள், என்ன தோன்றியதோ, வடக்குத்துக்கு நடந்தே போய் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் அதன் பால் பட்டுக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். “அன்னைக்கு நீ கேட்டப்ப எனக்குத் தெரியும்மா. நான்தான் சலிச்சுக் குடுத்தேன்.”

“தெரியும்க்கா. வண்டி நின்ன அன்னைக்கே எங்கூட்டுக்காரரு சொல்லிட்டாரு.” அவள் இன்னொரு கொட்டையை எடுத்து வைத்துத் தட்டினாள். “நீங்க வருவீங்க, வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு ரொம்ப நாளு பாத்துக்கினு இருந்தேன். ஒரு வருசம் பாத்தேன். அப்பால வுட்டுட்டேன்.”

“மன்னிச்சுக்கம்மா” என்றேன்.

“அதெல்லாம் எதுக்குங்க்கா இப்ப” என்றாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் கொட்டைகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெயின் ரோட்டுக்கு வந்து டவுன் பஸ் பிடித்தேன். பையன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்கு வந்து சேர வேண்டியிருந்தது.